அனுமதியில்லாத இருமல்

தையல்காரர் செய்த ஒரே தப்பு, நெஞ்சைத் திறந்து மூடி வார்டில் கொண்டுவந்து போட்ட மறுநாளே, யாரையும் கேட்காமல் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டு வந்ததுதான். அவசரம் என்றால் அவசரம். மனிதர் மணியை அழுத்திப் பார்த்தார், யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார், பொத்தான் கையோடு வந்துவிட்டது. அதற்கு மேல் யாருக்காகக் காத்திருப்பது? ஒருக்களித்துப் புரண்டு, காலைத் தொங்கப்போட்டு, சுவரைத் தடவிக்கொண்டே போனார், வந்தார். திரும்பும்போது வார்டு வாசலில் தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"யாரு உங்களை எழுந்திரிக்கச் சொன்னது?"

"வயிறு சொல்லிச்சு சிஸ்டர்."

பக்கத்துக் கட்டிலில் கண்டக்டர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, இருமலும் பாதியில் நின்றுபோய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் முட்டப் படுத்துவிட்டார். காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். பருத்த உடம்பு. இருவருக்கும் ஒரே நாளில், ஒரே டாக்டர் கையால் ஆபரேஷன். அந்த ஒரு சொந்தம் போதாதா? தையல்காரர் அவரை அண்ணே என்றார், அவர் இவரைத் தம்பி என்றார். தையல்காரர் தன் நெஞ்சைத் தொழில் கண்ணோடு குனிந்து பார்த்து, "தையல் நேராத்தான் ஓடியிருக்கு அண்ணே, கடைசி முடிச்சுதான் அவசரத்துல போட்டது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கண்டக்டர் வருகிற போகிற டாக்டர்களின் டை முடிச்சையெல்லாம் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆபரேஷன் செய்த டாக்டர் வந்தார். கண்டக்டரின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

"சளி கட்டுது. இவரை உட்கார வைக்கணும், இரும வைக்கணும், நடக்க வைக்கணும். இல்லேன்னா நான் சரிபண்ணி வெச்ச இதயம் நல்லா இருக்கும், ஆள்தான் இருக்க மாட்டார்."

சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். கண்டக்டரின் மகள் அப்பாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து எழுப்பப் போனாள். தலைமை நர்ஸ் ஓடிவந்து தடுத்தார்.

"தொடாதேம்மா! நீ தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது. பிசியோதெரபி துறைதான் எழுப்பணும். இப்ப எல்லாம் ஒழுங்குபடுத்தியாச்சு."

இந்த ஒழுங்குபடுத்திய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முன்பு அந்த மருத்துவமனையில் ஒரே ஒரு பிசியோதெரபி அம்மாள் இருந்தார். காலையில் வருவார், கட்டில் கட்டிலாகப் போவார், தோளுக்கடியில் கையைக் கொடுத்து, "ம், எழுந்திருங்க அப்பா, நான் இருக்கேன்ல" என்பார். மனிதர்கள் எழுந்தார்கள். இருமினார்கள். நடந்தார்கள். வீட்டுக்குப் போனார்கள். இவ்வளவு நன்றாக நடக்கிற ஒரு வேலையை இதுவரை யாரும் ஒழுங்குபடுத்தவே இல்லையே என்று நிர்வாகத்துக்குத் திடீரென்று உறுத்தியது. குழு போட்டார்கள். குழு டீ குடித்தது. இதய நோயாளிகளை நடக்க வைக்கும் சேவைக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்தது. வேலை தெரிந்த ஆள்தானே ஒருங்கிணைக்க முடியும்? வேலை தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். அவரைத் தூக்கிக் குளிர்சாதன அறையில் உட்கார வைத்தார்கள். 'எழு, நட, வெல்' என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். நான்கு உதவியாளர்களைக் கொடுத்தார்கள். உதவியாளர்கள் என்றால் நோயாளியைத் தாங்கிப் பிடிக்க இல்லை, திட்டத்தைத் தாங்கிப் பிடிக்க. பயிற்சி இல்லாதவர்கள் இதய நோயாளியை எழுப்பக் கூடாது என்று ஒரு விதியும் போட்டார்கள். அருமையான விதி. பயிற்சி உள்ளவர் மட்டும் அறையை விட்டு எழுந்திருக்கவில்லை.

தையல்காரர் கழிவறைக்குப் போய்வந்த செய்தி எப்படியோ அந்தக் குளிர்சாதன அறைக்குப் போய்ச் சேர்ந்தது. மத்தியானமே ஒருங்கிணைப்பாளர் நான்கு உதவியாளர்களோடும் ஒரு போட்டோகிராபரோடும் வந்து இறங்கினார். திட்டு விழப்போகிறது என்று தையல்காரர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அவர்களோ கைதட்டினார்கள்.

"ஐயா, நீங்கதான் எங்க முதல் வெற்றி!" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"நான் பாத்ரூம்தானேம்மா போனேன்?"

"அதுதான் ஆரம்பம்."

நெஞ்சில் திட்டத்தின் பெயர் போட்ட நீலச் சட்டையை மாட்டிவிட்டார்கள். இதய வடிவத்தில் ஒரு சிவப்புத் தலையணையைக் கையில் கொடுத்தார்கள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் தையல் வலிக்காது, சளி வெளியே வரும் என்று ஒருங்கிணைப்பாளர் விளக்கினார். பிறகு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேராகப் பிடித்துக்கொண்டு அவரை வராந்தாவில் நடத்திக்கொண்டு போனார்கள். தானாக நடக்கிற மனிதரை நான்கு பேர் பிடித்தால் என்ன ஆகும்? அவர்கள் கால் இடறி இவர் இரண்டு தடவை விழப் பார்த்தார்.

திரும்பி வந்ததும் தையல்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "இவ்வளவு பேர் இருக்கீங்களே, அண்ணனையும் கொஞ்சம் பிடிச்சு உட்கார வையுங்களேன். டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்கார்."

ஒருங்கிணைப்பாளர் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி அவர் கை லேசாக முன்னால் வந்த மாதிரி இருந்தது. உடனே அந்தக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"அவரால தனியா நடக்க முடியுமா?"

"முடியாது. அதனாலதானே கேக்கறேன்?"

"தனியா நடக்க முடிஞ்சவங்களைத்தான் திட்டத்துல சேர்க்க முடியும் ஐயா. முடியாதவரை எழுப்பி அவர் விழுந்துட்டா, சேவைக்குத்தானே கெட்ட பேரு? அவர் முதல்ல நடக்கட்டும். நடந்துட்டார்னா, நடக்கக் கத்துக்கொடுக்க நாங்க ஓடி வந்துடுவோம்."

அவர்கள் போன பிறகு கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "காலி வண்டி ரூட்ல சுத்துது தம்பி. ஏற வேண்டியவன் ஸ்டாப்ல நிக்கிறான்."

அதற்குப் பிறகு தையல்காரருக்கு நடைதான் நடை. வேறு மருத்துவமனையிலிருந்து பார்க்க வந்தவர்களுக்காக நடந்தார். பயிற்சி மாணவர்களுக்காக நடந்தார். முதல் தடவை போட்டோவில் வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி நடந்தார். படியேறிக் காட்ட மரத்தில் ஒரு படிக்கட்டு செய்து வராந்தாவில் வைத்திருந்தார்கள். அது எங்கேயும் போகாது. ஏறி, மேலே நின்று, கையசைத்து, இறங்க வேண்டும். இதயத்தில் வைத்துத் தைக்க நரம்பு எடுத்த கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. சாயங்காலம் பார்க்க வந்த அவர் மனைவி அந்தக் காலைப் பார்த்துக் கொதித்துப் போனார்.

"நோயைக் காட்டத்தானே இங்க வந்தீங்க? உங்களையே காட்டிக்கிட்டு இருக்காங்களே! போதும், வீட்டுக்குக் கிளம்புங்க."

"கேட்டேன். ஒரு பெரிய அதிகாரி வந்து திட்டத்தைத் திறந்து வைக்கணுமாம். அது முடியறவரைக்கும் நான் குணமாகக் கூடாதாம்."

"திட்டம்தான் ஏற்கெனவே நடக்குதே?"

"நடக்கறது நான்தான்."

இதற்கிடையில் கண்டக்டருக்கு மூச்சு இழுக்கும்போது தொண்டையில் கொளகொளவென்று சத்தம் வர ஆரம்பித்தது. தையல்காரரால் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை. சிவப்புத் தலையணையைக் கொடுத்துவிடலாம் என்றால், போட்டோ எடுத்து முடித்ததும் அதை உதவியாளர்கள் வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் பூட்டிவிடுவார்கள். சரி, நமக்குத் தெரிந்ததைச் செய்வோம் என்று மனைவியிடம் ஊசியும் நூலும் வாங்கிவரச் சொன்னார். தன் துண்டை நான்காக மடித்து, பழைய பனியனை உள்ளே திணித்து, சுற்றிவரத் தைத்தார். இதய வடிவமெல்லாம் வரவில்லை. ரொட்டி மாதிரி கெட்டியாக இருந்தது. கண்டக்டரின் மகள் அப்பாவின் முதுகைத் தாங்கி உட்கார வைத்தாள். கண்டக்டர் அதை நெஞ்சோடு அழுத்திக் கட்டிக்கொண்டார்.

"இப்ப இருமுங்க அண்ணே. பயப்படாதீங்க, தையல் பிரியாது. பிரிஞ்சா நான் இருக்கேன்."

கண்டக்டர் இருமினார். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருமினார். உள்ளே கிடந்ததெல்லாம் கிளம்பி வந்தது. கிண்ணத்தில் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். முகத்தில் ரத்தம் ஓடியது.

"ரைட்!" என்றார்.

தலைமை நர்ஸ் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அந்த அளவுக்காவது அவருக்கு மனசு இருந்தது. கண்டக்டர் மறுநாளும் இருமினார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட நின்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நடந்திருப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் உதவியாளர் ஒருவர் தையல்காரரை நடைக்குக் கூட்டிப்போக உள்ளே வந்தார்.

விசாரணை வைத்தார்கள். சும்மா இல்லை, மருத்துவமனைக் கண்காணிப்பாளரே நாற்காலி போட்டுக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார்.

"சளி தானா வந்ததா, வரவழைக்கப்பட்டதா?"

"இருமல் வந்துச்சு, இருமினேன்" என்றார் கண்டக்டர்.

"வந்த சளி இப்ப எங்க?"

"கழுவிக் கொட்டிட்டாங்க சார்."

"ஆதாரமே இல்ல" என்று கண்காணிப்பாளர் வருத்தத்தோடு தலையாட்டினார். தையல்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மூச்சு விடறாரே சார், அது போதாதா?" என்று கேட்டுவிட்டார்.

ஒருங்கிணைப்பாளர் அமைதியாக விளக்கினார். "ஐயா, இருமறது தப்புன்னு நாங்க சொல்லவே இல்ல. இருமல் ஒரு சேவை. அதை யார் தர்றாங்க, எந்தத் துறை மூலமா வருதுங்கிறது முக்கியம். ஆளாளுக்குத் துண்டைத் தைச்சுக் கட்டிப்பிடிச்சு இருமி, குணமாகி வீட்டுக்குப் போயிட்டா, அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?"

உண்மையிலேயே தையல்காரருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

துண்டுத் தலையணையைப் பறித்துக்கொண்டு போனார்கள். தையல்காரரை வராந்தாவின் மறுகோடியில் 'முன்மாதிரி அறை' என்று பலகை மாட்டிய தனி அறைக்கு மாற்றினார்கள். கண்டக்டரின் மகளைப் பார்வையாளர் நேரத்தில் கட்டிலுக்கு ஒரு கை தூரம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கண்டக்டர் மறுபடியும் மல்லாந்து படுத்தார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பெண் முன்மாதிரி அறைக்கு ஓடிவந்தாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு உதடெல்லாம் கருத்துப் போச்சு. ஐ.சி.யூ.வுக்கு மாத்துங்கன்னு சிஸ்டர் கால்ல விழாத குறையாக் கேட்டுட்டேன். அங்க புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காம். நாளைக்கு அதிகாரி பாக்கறவரைக்கும் யாரையும் உள்ள விடக் கூடாதாம்."

தையல்காரர் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு நேராகக் குளிர்சாதன அறைக்குப் போனார். யாரும் பிடிக்கவில்லை. யாரும் போட்டோ எடுக்கவும் இல்லை.

"மேடம், நாளைக்கு நான் நடக்கணும்னா இன்னிக்கு அண்ணனை உட்கார வெச்சு இரும வையுங்க. இப்ப இருக்கற நிலைமைல உங்களைத் தவிர வேற யாராலயும் அது முடியாது. இல்லேன்னா நான் படுத்த படுக்கைதான். அதிகாரி என் பக்கத்துல வந்து படுத்துப் போட்டோ எடுத்துக்கட்டும்."

ஒருங்கிணைப்பாளர் தலை நிமிரவில்லை. மேஜை முழுக்க ரிப்பனும் பூங்கொத்துகளும் கிடந்தன. "ஐயா, இப்ப என் நிலைமையைப் பாருங்க. நான் வார்டுக்குப் போய் ஆளைத் தூக்கறதை யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க? ஒருங்கிணைப்பாளர் தூக்கலாமா? நாளைக்கு விழா முடியட்டும். முடிஞ்ச கையோட நானே வர்றேன். முதல் ஆள் அவர்தான். சத்தியமா."

"சத்தியமா?"

"என் குழந்தை மேல சத்தியம்."

அதை நம்பித்தான் மனிதர் மறுநாள் நடந்தார்.

காலையிலேயே மருத்துவமனை வாசலை அடைத்துவிட்டார்கள். விழாவில் கூட்டம் சேரக் கூடாது என்று பார்வையாளர்கள் யாரையும் உள்ளே விடவில்லை. கண்டக்டரின் மகளும் தையல்காரரின் மனைவியும் வெளியே வெயிலில் நின்றார்கள். நர்ஸ்களையெல்லாம் பூத்தட்டு ஏந்த வரிசையில் நிறுத்திவிட்டார்கள். பெரிய அதிகாரி வந்தார். ஒரு மாடி ஏறி வருவதற்குள் அவருக்கே மூச்சு இரைத்தது.

கண்காணிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "மற்ற இடங்கள்ல இதய நோயாளிகளை நடக்க வைக்கும்போது அங்கங்க யாராவது விழுந்துடறாங்க. நம்ம திட்டத்துல இதுவரைக்கும் ஒருத்தர்கூட விழல. இதை எப்படிச் சாதிச்சோம்? ரொம்பச் சுலபம். விழக்கூடியவங்களை நாம எழுப்பறதே இல்ல!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தையல்காரர் நீலச் சட்டையில் நடந்தார். மரப்படியில் ஏறினார், கையசைத்தார், இறங்கினார். அங்கே ஒரு மேஜையில் வெல்வெட் விரித்துத் துறையின் சாதனைகளை அடுக்கிவைத்திருந்தார்கள். அதன் நடுவில், ரிப்பன் கட்டி, அவருடைய துண்டுத் தலையணை இருந்தது. கீழே அழகான எழுத்தில் ஓர் அட்டை: 'சிக்கன இருமல் தலையணை. நமது துறையின் கண்டுபிடிப்பு.' அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்து, "அபாரம்! எளிமையான யோசனை. எத்தனை உயிர் பிழைக்கும்!" என்றார். துண்டின் ஓரத்தில் கண்டக்டரின் எச்சில் கறைகூட அப்படியே இருந்தது.

தையல்காரருக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, தலையணையை வெடுக்கென்று எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வார்டைப் பார்த்து நடந்தார். "இது நிகழ்ச்சியில இல்லையே!" என்று ஒருங்கிணைப்பாளர் கிசுகிசுத்தார். அதிகாரியோ பரவசப்பட்டுவிட்டார். "எங்க போறார்? தலையணையை உபயோகிச்சுக் காட்டப் போறாரா? வாங்க, வாங்க" என்று பின்னாலேயே கிளம்பினார். அதிகாரி போனால் கண்காணிப்பாளர் நிற்பாரா? அவருக்குப் பின்னால் நான்கு உதவியாளர்கள், பூத்தட்டு நர்ஸ்கள், போட்டோகிராபர். எல்லோரும் கைதட்டிக்கொண்டே வார்டுக்குள் நுழைந்தார்கள்.

கண்டக்டரின் கட்டில் இருந்த இடத்தில் கட்டிலைக் காணோம். மேலிருந்து கீழ்வரை ஒரு பேனர் தொங்கியது. 'ஒவ்வோர் இதயத்துக்கும் ஒரு துணை.' மூச்சு இரைக்கிற சத்தம் விழாவுக்கு நன்றாக இருக்காது என்று காலையில்தான் கட்டியிருந்தார்கள். இப்போது அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. தையல்காரர் பேனரை இழுத்து விலக்கினார்.

கண்டக்டர் பாதி எழுந்த நிலையில் கட்டில் கம்பியில் சாய்ந்திருந்தார். தானாகவே உட்கார முயன்றிருக்கிறார். கைகள் இரண்டும், எதையோ அணைத்துக்கொள்ளப் பார்த்த மாதிரி, நெஞ்சின் மேல் குறுக்காகக் கிடந்தன. வாய் திறந்திருந்தது. உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது.

கைதட்டல் முன்வரிசையில் நின்றது. பின்னால் இருந்தவர்கள் விஷயம் தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார்கள்.

"இவர் நம்ம திட்டத்துல இருந்தவரா?" என்று அதிகாரி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இல்ல சார்" என்றார் கண்காணிப்பாளர். "சேரவே இல்ல."

"அப்பாடா" என்றார் அதிகாரி. பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சம்பிரதாயமாக ஒரு நிமிஷம் மௌனமாக நின்றுவிட்டு, பெயிண்ட் அடித்த ஐ.சி.யூ.வைத் திறந்து வைக்கப் போனார். கூட்டமும் போயிற்று.

தையல்காரரோடு ஒருங்கிணைப்பாளரும் நான்கு உதவியாளர்களும் மட்டும் மிஞ்சினார்கள். அதிகாரி திரும்பி வருவதற்குள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. எங்கே பிடிப்பது, எப்படித் தூக்குவது என்று உதவியாளர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருங்கிணைப்பாளர் தன்னையறியாமல் முன்னால் வந்தார். கண்டக்டரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். கழுத்தைத் தன் முழங்கையில் தாங்கிக்கொண்டார்.

"முட்டியை மடக்கித் தூக்குங்க. இழுக்காதீங்க. மெதுவா… எல்லாரும் ஒண்ணா… ம், நான் இருக்கேன்ல."

அந்தப் பருத்த உடம்பு எந்தச் சிரமமும் இல்லாமல் எழுந்தது.

"இந்தக் கையைத்தானே மேடம் கேட்டோம்?" என்றார் தையல்காரர்.

அந்த அம்மாள் கையை எடுக்காமல் ஸ்ட்ரெச்சர்வரைக்கும் தாங்கிக்கொண்டு போனார். தையல்காரர் துண்டுத் தலையணையைக் கண்டக்டரின் நெஞ்சில் வைத்து, மேலே அவருடைய கைகளை மடித்து வைத்தார். நீலச் சட்டையைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டார். கீழே வாசல் கதவைத் திறந்தார்கள். விழா முடிந்துவிட்டதால் இனிமேல் நோயாளிகளைப் பார்க்கத் தடை ஏதும் இல்லை என்று காவலாளி சத்தமாகச் சொல்ல, கண்டக்டரின் மகள் மாடிப்படிகளில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.